ஒரே ஆளுக்கு இரண்டு அழற்சி

இருமினால் ரத்தம். சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் ரத்தத்தில் நாளுக்கு நாள் ஏறுகிறது. நுரையீரலும் சிறுநீரகமும் ஒருசேரக் கெட்டால், நுண்ணிய ரத்தக்குழாய்களில் அழற்சி இருக்குமோ என்று சந்தேகித்து மருத்துவர் இரண்டு ரத்தப் பரிசோதனைகள் எழுதுவார்: ஆன்கா, ஆன்ட்டி ஜிபிஎம். பொதுவாக எது பாசிட்டிவோ அதுதான் நோய். சிக்கல், சிலருக்கு இரண்டுமே பாசிட்டிவாக வருவதுதான்.

ரத்தக்குழாய் அழற்சிகளுக்கான, 2012இல் திருத்தப்பட்ட சேப்பல் ஹில் வகைப்பாட்டில் ஆன்கா அழற்சியும் ஆன்ட்டி ஜிபிஎம் நோயும் தனித்தனி நோய்கள். ஆன்கா, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களைத் தூண்டிவிடும் ஆன்டிபாடி. வெறிகொண்ட அணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டித் தம் நொதிகளைக் கொட்டிப் புண்ணாக்கும். ஆன்ட்டி ஜிபிஎம், அடித்தளச் சவ்வை நேரே தாக்கும் ஆன்டிபாடி. சிறுநீரக வடிகட்டியிலும் நுரையீரல் காற்றறையிலும் உள்ள நான்காம் வகைக் கொலாஜன்தான் அதன் குறி.

அப்படியானால் இரண்டும் சேர்ந்து வருவது தற்செயலா? ஆன்ட்டி ஜிபிஎம் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆன்காவும் இருக்கிறது. தற்செயலுக்கு இது அதிகம். அந்தக் கொலாஜனில் ஆன்டிபாடி பற்றும் இடம் சாதாரணமாக மடிப்புக்குள் மறைந்திருக்கும். ஆன்கா அழற்சி சவ்வைக் கிழித்து அதை வெளிக்காட்டிவிடுகிறது, அதைப் பார்த்து உடல் இரண்டாவது ஆன்டிபாடியைச் செய்கிறது என்பது பலரும் ஏற்கும் ஊகம். 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. ராணுவத்தினரிடம் எடுத்துச் சேமித்திருந்த பழைய சீரத்தைச் சோதித்ததில், பின்னாளில் ஆன்ட்டி ஜிபிஎம் நோய் வந்தவர்களுக்கு ஆன்கா குறைந்த அளவில் முன்னமே இருந்தது தெரிந்தது.

சிறுநீரக பயாப்சியிலும் இந்த வரிசை தெரிவதுண்டு. ஆன்ட்டி ஜிபிஎம் மட்டும் இருந்தால் வடிகட்டிகளின் காயங்கள் பெரும்பாலும் ஒரே வயதுடையவை. இருவகையும் உள்ளவரிடம் புதுக் காயத்தோடு பழைய தழும்பும் கிடக்கும்.

சிகிச்சையின் தொடக்கத்தில் குழப்பமில்லை. பிளாஸ்மா மாற்று, ஸ்டீராய்டு, சைக்ளோபாஸ்பமைடு, அதுவும் தாமதமின்றி. டயாலிசிஸ் தேவைப்படும் நிலைக்குப் போன சிறுநீரகம் திரும்புவது அரிது. தடுமாற்றம் பிறகுதான். ஆன்ட்டி ஜிபிஎம் ஒருமுறை அடங்கினால் பெரும்பாலும் மீண்டும் தலைதூக்காது. சில மாதங்களில் மருந்தை நிறுத்திவிடலாம். ஆன்கா அப்படியல்ல, ஆண்டுகள் கழித்தும் திரும்பும். இருவகையும் உள்ளவருக்கு ஆரம்ப மூர்க்கம் ஆன்ட்டி ஜிபிஎம்மைப் போல, திரும்பி வரும் குணம் ஆன்காவைப் போல. ஆகவே ஆன்ட்டி ஜிபிஎம் மறைந்துவிட்டது என்ற ரிப்போர்ட்டை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. ரிட்டுக்சிமாப் அல்லது அசதயோபிரின் போன்ற பராமரிப்பு மருந்தைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். சிறுநீரில் ரத்தமும் புரதமும் வருகிறதா என்று பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.