பிழை யாருடையது?

படித்தவன் படியாதவனைப் பார்த்துச் சிரிப்பது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கம் நம்மிடமும் உண்டென்பதைச் சென்ற மாதம் கண்டோம்.

கிள்ளானில் நமது தமக்கையார் இல்லத்தில் ஒரு விருந்து. அவர் மகன் தினந்தோறும் கிள்ளானில் இரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் வண்டி மாறி, மலாயாப் பல்கலைக்கழகம் சென்று கணினியியலில் பட்டம் பெற்றவன். நல்ல சம்பளத்தோடு ஒரு கம்பெனி அழைக்கின்றது. அவனோ, மனிதருக்கும் கணினிக்கும் இடையே நிகழ்வதை ஆராய்ந்து, ஆசிரியனாகவும் ஆராய்ச்சியாளனாகவுமே காலங்கழிக்கப் போவதாகச் சொன்னான். “பொத்தானை எங்கே வைப்பதென்று பார்க்க ஒரு படிப்பா தம்பி? அதற்கு ஓர் ஆயுளா?” என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். சிரித்தது தவறென்று இப்பொழுது தோன்றுவதால் இதனை எழுதுகின்றோம்.

இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்காவின் பி-17 விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பின்னர், சக்கரம் மடங்கி வயிறு மண்ணில் உராய விழுந்தன. விமானியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்னும் மனோதத்துவ அறிஞர் 1943இல் விமானியின் இருக்கையருகே சென்று பார்த்தார். சக்கரத்தை மடக்கும் பிடியும் இறக்கை மடலை இயக்கும் பிடியும் அருகருகே, கைக்கு ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றிற்குச் சக்கர வடிவும் மற்றதற்கு ஆப்பு வடிவும் கொடுக்கச் செய்தார். இருளிலும் கை தடுமாறாமல் எது எதுவென்று அறியலாயிற்று. 1947இல் பிட்ஸ், ஜோன்ஸ் என்னும் இருவர், ‘விமானியின் பிழை’ என்று பெயர் பெற்ற 460 அனுபவங்களைத் திரட்டி ஆராய்ந்து, அவற்றுட் பலவற்றிற்குக் கருவியின் அமைப்பே காரணமென்று காட்டினார்கள். பொத்தானை எங்கே வைப்பது என்னும் படிப்பு இவ்விதமாகத் தொடங்கியதேயாம்.

நிற்க. நாம் ஒரு தோட்டத்துக் கிராணி. ஆங்கில வழியில் பயின்றவர். ஒருநாள் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர், செம்பனைக் குலை அறுத்தே முதுகு வளைந்தவர், நமது ஆபீசிற்கு வந்தார். பட்டணத்துப் பண இயந்திரம் அவருடைய அட்டையை விழுங்கிவிட்டதாம். திரையில் வந்தது அவர் வாசிக்கக்கூடிய மொழியன்று. மூன்று தரம் ஏதோ அறிவித்தது. மூன்று தரமும் அவர் அதே எண்ணையே அழுத்தியிருக்கின்றார். “தப்பு என் பேருலதாங்க ஐயா. படிக்காத மடையன் நான்” என்றார். நாம் மறுக்கவில்லை. வங்கிக்கு மனு எழுதிக் கொடுத்தோம். அவர் கொணர்ந்த வாழைத்தாரையும் வாங்கிக்கொண்டோம்.

அந்த வாழைத்தாரே இப்பொழுது நம்மை உறுத்துகின்றது. படிவம் விளங்காதிருப்பதனால் அன்றோ கிராணிக்கு ‘ஐயா’ப் பட்டம் கிடைக்கின்றது? அது தானே விளங்கிவிடுமானால் நம்மைத் தேடி வருவார் யார்? ஆகவே பிறனுடைய தடுமாற்றத்தில் நமக்கு ஒரு பங்கு லாபம் இருக்கின்றது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பண இயந்திரங்களிலேயே இன்னொரு செய்தி. முற்காலத்தில் பல இயந்திரங்கள் பணத்தை முன்னே கொடுத்து அட்டையைப் பின்னே கொடுத்தன. பணம் கைக்கு வந்ததும் காரியம் முடிந்ததென்று மனம் திரும்பிவிடும். அட்டை அங்கேயே கிடக்கும். பின்னர் வரிசையை மாற்றினார்கள். அட்டையை எடுத்தால்தான் பணம் என்றாயிற்று. மனிதன் முன்போலவே மறதிக்காரன்தான். பொறி மட்டும் மாறியது.

தமிழுக்கும் இது நேர்ந்திருக்கின்றது. பழைய தட்டச்சுப் பொறியில் ‘கொ’ என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என மூன்று தட்டு வேண்டும். அது கண்ணின் வரிசை. நாவோ ககரத்தை முன்னும் ஒகரத்தைப் பின்னும் ஒலிக்கின்றது. 1999இல் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகை நாவின் வரிசையைக் கைக்கொண்டது. இரண்டு தட்டில் ‘கொ’ வந்துவிடுகின்றது. ‘அக்கா’ என்பதற்கு அ, க, க, ஆ என்று தட்டினால் நடுவிலுள்ள புள்ளியைப் பொறியே இட்டுக்கொள்ளும். சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராயிருந்து, 1999இல் மறைந்த நா. கோவிந்தசாமி, இணையத்தில் தமிழை ஏற்றுவதற்கு உழைத்தார். பல்கலைக்கழகத்திற்கு வெளியே நின்று, கோலாலம்பூரின் முத்து நெடுமாறன் 1980களில் ‘முரசு அஞ்ச’லைத் தொடங்கினார், கைப்பேசிக்குச் ‘செல்லின’மும் தந்தார். நாம் இன்றும் ஆங்கில எழுத்தைத் தட்டித்தான் தமிழைப் பெறுகின்றோம். அதற்கு நம் ஆங்கிலப் படிப்பு உதவுகின்றது. அஃதில்லாதவனுக்கு வேறு வழி வேண்டுமென்று யாரேனும் உட்கார்ந்து யோசித்தாலன்றி நமக்குத் தோன்றியிராது.

ஆனால் ஆராய்ச்சியாளன் என்றவுடனே வணங்கிவிடவும் நாம் தயாராயில்லை. பல்கலைக்கழகத்திலே பதவி உயர்வு பெரும்பாலும் அச்சான கட்டுரைகளைக் கொண்டு அளக்கப்படுகின்றது. முதியவர் ஒருவர் தடுமாறுவதைக் குறித்துக்கொண்டு, கட்டுரை வெளிவந்ததும் அவரைத் திரும்பியும் பாராதவன் நம்மினும் எவ்விதத்தில் மேலானவன்? நாம் வாழைத்தார் வாங்கினோம். அவன் பேராசிரியர் பதவி வாங்குவான். மேலும், மனம் எங்கே வழுக்குமென்று அறிந்தவன் அங்கேயே குழியும் வெட்டலாம். வாங்கும் பொத்தானைப் பெரிதாக்கி, வேண்டாமென்னும் பொத்தானை ஒளித்துவைக்கும் வணிகர் இருக்கிறார்கள். ஹாரி பிரிக்னல் என்பவர் 2010இல் இத்தகைய தந்திரங்களுக்கென்றே ஒரு பெயர் சூட்டித் தொகுக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவையும் மருகனிடம் சொன்னோம். அவன் கோபிக்கவில்லை. “அந்தப் பெரியவர் இன்னும் இருக்கிறாரா மாமா? அடுத்த தடவை அவர் பணமெடுக்கப் போகும்போது நான் கூட நிற்கலாமா?” என்று மட்டும் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கின்றோம். பெரியவருடைய சம்மதத்தை நாம் இன்னும் கேட்கவில்லை.