இளஞ்சிவப்பு வீட்டின் வக்கீல்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ லண்டன் என்றொரு பழைய துறைமுக நகரம். 1998-இல் ஃபைசர் மருந்து நிறுவனம் அங்கே ஆராய்ச்சிக் கூடம் கட்டப்போவதாக அறிவித்ததும் நகராட்சிக்கு ஆசை வந்தது. பக்கத்திலுள்ள ஃபோர்ட் ட்ரம்புல் குடியிருப்பைக் கையகப்படுத்தி, ஓட்டலும் அலுவலகங்களும் புது வீடுகளும் கட்டத் தனியாரிடம் கொடுத்தால் வரியும் பெருகும், வேலையும் பெருகும். பெரும்பாலோர் விற்றுவிட்டுப் போனார்கள். இளஞ்சிவப்பு நிறச் சின்ன வீட்டில் இருந்த சூசெட் கீலோ என்ற செவிலியர் மறுத்தார். வில்ஹெல்மினா டெரியும் மறுத்தார். 1918-இல் அவர் பிறந்ததே அந்த வீட்டில்தான்.

இவர்களுக்காகக் கட்டணம் வாங்காமல் வழக்காடியது இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ் என்ற பொதுநல வழக்கறிஞர் அமைப்பு. சொத்துரிமையும் தொழில் செய்யும் சுதந்திரமும் அதன் கொள்கை. உச்ச நீதிமன்றத்தில் ஸ்காட் புல்லக் வாதாடினார். 2005 ஜூன் 23 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வழக்கு தோற்றது. பொருளாதார வளர்ச்சியும் பொதுப் பயனுக்குள் அடங்கும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். நான்கே ஆண்டுகளில் ஃபைசர் ஊரைவிட்டுப் போவதாக அறிவித்தது. இடித்த இடம் பல ஆண்டுகள் புல் மண்டிக் கிடந்தது. தீர்ப்பைப் பழிப்பவர்கள் இந்தக் காலி மனையைத்தான் முதலில் காட்டுவார்கள். ஆனால் ஓட்டல் எழும்பி வரி கொட்டியிருந்தால் மட்டும் டெரியை வெளியேற்ற முயன்றது சரியாகிவிடுமா? திட்டம் தோற்றது தனிக் கதை.

இந்த அமைப்பு 1991-இல் தொடங்கியபோது பெருஞ்செல்வர் சார்லஸ் கோக் பணம் கொடுத்தார். பணக்காரர் காசில் எளியவருக்கு வாதாடுவது பாசாங்கு என்பது பலருடைய சந்தேகம். வழக்கை ஒதுக்க அந்தச் சந்தேகம் மட்டும் போதாது. கறுப்பினத்தவரின் உரிமைக்காக நிற்கும் என்.ஏ.ஏ.சி.பி அமைப்பும் இதே வழக்கில் கீலோ பக்கம் மனுப் போட்டது. அதற்குக் காரணம் இருந்தது: 1954-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த வாஷிங்டன் குடியிருப்பு அகற்றத்தில் வெளியேற்றப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். காசு எங்கிருந்து வந்தாலும், கீலோவுக்கு அந்த நேரத்தில் ஒரு வக்கீல் தேவைப்பட்டது.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வழக்கில் இருந்த மனைகள் பதினைந்து. பத்தில் உரிமையாளரோ அவர் குடும்பத்தாரோ குடியிருந்தார்கள். மீதி ஐந்து முதலீட்டுக்காக வாங்கிப் போட்டவை. சட்டத்தின் முன் பதினைந்தும் ஒன்று. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். வீட்டின்மேல் யாருக்கு எவ்வளவு பாசம் என்று அளக்கும் வேலையை அதிகாரியிடம் கொடுத்தால், நயமாகப் பேசத் தெரிந்தவர் பிழைப்பார், மற்றவர் போவார். ஆனால் நம் மனத்தை அசைத்தது டெரியின் எண்பது சொச்சம் ஆண்டுகள்தான். நல்ல விலை கிடைத்தால் முதலீட்டாளர் இழப்பது அதிகமில்லை. டெரிக்கு எந்த விலையும் ஈடாகாது. பிறந்த வீட்டுக்காக எழும் இரக்கத்தை எல்லாச் சொத்துக்கும் பொதுவான கொள்கைக்கு முதலாக்கும்போது, வக்கீல் தன் கட்சிக்காரரிடம் எதையோ கடன் வாங்குகிறார். வாங்கலாம். ஆனால் வாங்கியதை மறைக்கக் கூடாது.

தொழில் சுதந்திரத்துக்கும் இதே கதைதான். லூசியானாவில் புனித ஜோசப் மடத்துத் துறவிகள் தாங்களே செய்த சவப்பெட்டிகளை விற்கத் தொடங்கினார்கள். ஈமச் சடங்குத் தொழில் உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது என்று மாநில வாரியம் தடுத்தது. இதே அமைப்பு வழக்காடி 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. அந்தச் சட்டம் காப்பாற்றியது ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்களின் வருமானத்தை மட்டுமே. பிணத்துக்கோ, பெட்டி வாங்கியவருக்கோ அதனால் ஒரு நன்மையும் இல்லை. சரியான வெற்றி. ஆனால் 1905-இல் நியூயார்க் ரொட்டித் தொழிலாளரின் வாராந்தர வேலையை 60 மணி நேரத்துக்குள் நிறுத்திய சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் ஒப்பந்தச் சுதந்திரத்தின் பெயரால்தான். அங்கே சட்டம் காத்தது, அடுப்புக்கு முன் நின்று மாவுத்தூளைச் சுவாசித்தவனின் உடம்பை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவர், துறவிகளைக் காட்டி ரொட்டிக்கடை முதலாளிக்கு வழிவிடுகிறார். இந்தச் சட்டம் யாரைக் காக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்காமல் சுதந்திரத்தின் பக்கம் நிற்க முடியாது. அப்படிக் கேட்கத் தொடங்கினால் கொள்கையின் நேர்கோடு வளையும், வளையட்டும்.

இன்னொருவர் இந்த வழக்குகளில் வருவதே இல்லை: வாடகைக்குக் குடியிருப்பவர். நாற்பது ஆண்டு ஒரே வீட்டில் பிள்ளைகளை வளர்த்தவர். உரிமையாளர் அந்த வீட்டை மனமுவந்து, நல்ல விலைக்கு விற்கிறார். யாரும் எதையும் பறிக்கவில்லை. டெரி இழக்கவிருந்த அதே ஊரையும் அக்கம்பக்கத்தையும் இவரும் இழக்கிறார். சொத்துரிமை வக்கீலின் கோப்பில் இவருக்காக ஒரு வாதமும் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் இங்கே அவர் காக்க வேண்டியது விற்றவரின் உரிமையை.