விலைக்கு வெளியே ஒரு முருங்கை

வீட்டில் காய்கறி போட்டால் லாபமா என்று தருமபுரி மாவட்டத்தில் கேட்டால், பெரும்பாலான மாதங்களில் இல்லை என்பதுதான் நேர்மையான பதில். பாலக்கோடு பக்கம் தக்காளி மலிந்துபோகும் நாட்களில் பறிகூலிகூடக் கட்டாமல் காயைச் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். 2023 ஜூலையில் அதே தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சில வாரங்களில் மறுபடி விழுந்தது. இப்படி ஏறி இறங்கும் விலையை வைத்து வீட்டுத் தோட்டத்தின் மதிப்பைச் சொல்லவே முடியாது. வயல், வாங்குபவர் கேட்பதை விளைவிக்கிறது. வீட்டு மண்ணாவது அங்கே வாழ்கிறவர்களின் உடம்பு கேட்பதை விளைவிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இந்த மாவட்டத்து உடம்பின் தேவை தனியானது. இங்குள்ள பாறை நிலத்தின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு, பாதுகாப்பான எல்லையாகிய லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுகிறது. அந்த நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பல்லில் கறை படிந்தது, எலும்பும் மூட்டும் இறுகின. உணவில் சுண்ணாம்புச்சத்து போதுமான அளவு இருந்தால், குடலிலேயே அது ஃபுளோரைடுடன் சேர்ந்து, உடம்பில் ஏறும் அளவைக் குறைக்கிறது. முருங்கைக்கீரை 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. அதே அளவு பசும்பாலில் இருப்பதைப்போல இரு மடங்குக்கும் அதிகம். அதே உடம்புக்கு வேண்டிய வைட்டமின் சியைக் கொய்யாவும் நெல்லியும் தருகின்றன. லாரி ஏறும் தக்காளியைவிட இந்த மூன்று மரங்களுக்கே இங்குள்ள வீடுகளில் முதலிடம்.

நல்ல தண்ணீர் கொடுப்பதுதானே தீர்வு என்பார்கள். ஆம், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஜப்பான் கடனுதவியுடன் அமைந்து 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகத்தான். வளைந்துவிட்ட எலும்பை எந்தக் கீரையும் நிமிர்த்தாது. கீரையைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவவும் கூடாது. ஆனால் குழாய்த் தண்ணீர் வராத நாளில் மக்கள் மறுபடி ஆழ்துளைக் கிணற்றுக்கே போகிறார்கள். குடிநீர் சீரான பிறகும் வளரும் குழந்தைக்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது செடிக்கு எங்கே போவது என்ற கேள்வி இன்னும் கனமானது. அதனால்தான் தினமும் நீர் கேட்கும் காய்கறிப் பாத்திகளைவிட மரங்களைச் சொல்கிறேன். வேர் பிடித்த முருங்கை வறட்சி தாங்கும். அரிசி களைந்த நீரும் மழைநீரும் பெருமளவு போதும். பாத்தி கட்டிப் பராமரிக்கும் வேலை எப்படியும் பெண்கள் தலையில்தான் விழும். மரம் அந்தச் சுமையையும் குறைக்கிறது. கம்பளிப்புழுவுக்குப் பயந்து முருங்கையை வெட்டுகிறவர்கள், ஆண்டுதோறும் கவாத்து செய்து கைக்கெட்டும் உயரத்தில் வைத்தால், புழுவைத் தொடக்கத்திலேயே கண்டு அகற்றலாம். இடமே இல்லாத வீடுகளுக்கு அங்கன்வாடி வளாகமும் பள்ளி வளாகமும் பொதுத் தோட்டமாகட்டும்.

ஆகவே எவ்வளவு மிச்சம் என்ற கேள்வியைச் சந்தைக்கு விட்டுவிடுவோம். வீட்டில் கேட்க வேண்டியது, இந்த வாரம் பிள்ளைகளின் தட்டில் எத்தனை நாள் கீரை விழுந்தது என்பதே. ஒரு நாளும் இல்லை என்றால், ஒரு முருங்கைப் போத்தை நட அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.