கடலில் தொலையும் வெள்ளிக்கிழமை

அலாஸ்கா பருவம் முடிந்ததும், செப்டெம்பர் ஒக்டோபர் அளவில், வான்கூவரிலிருந்து சிட்னிக்குப் பெரிய உல்லாசக் கப்பல்கள் புறப்படுகின்றன. ஹவாய், தென் பசிபிக் தீவுகள் வழியாக ஏறக்குறைய மூன்று நான்கு வாரப் பயணம். ஒரு பிள்ளை கனடாவிலும் மறுபிள்ளை அவுஸ்திரேலியாவிலுமாக வாழும் யாழ்ப்பாணக் குடும்பங்கள் ஏராளம் என்பதால், துணையை இழந்த ஒரு பெரியவர் இப்படித் தனியே கப்பலேறுவது இனிமேல் அபூர்வமாக இராது. அறைக் கட்டணம் இருவரைக் கணக்கிட்டே வைக்கப்படுவதால் தனியாள் பெரும்பாலும் இரட்டிப்புக்குக் கிட்டச் செலுத்த வேண்டும். நாட்கணக்கில் கரை தெரியாது. இவற்றுக்கெல்லாம் ஆயத்தமாகலாம். ஆனால் மேற்கே செல்லும் கப்பல் சர்வதேச தேதிக்கோட்டைத் தாண்டும்போது நாட்காட்டியில் ஒரு நாள் அப்படியே இல்லாமற் போகிறது. நவராத்திரியும் கந்தசஷ்டியும் வருகிற பருவமும் இதுதான். அந்த நாள் விரத நாளாக இருந்தால் என்ன செய்வது? வீட்டிலென்றால் கோயிலைக் கேட்கலாம், குருக்களைக் கேட்கலாம், பக்கத்து வீட்டாரைப் பார்த்து நடக்கலாம். கப்பலில் தனித்திருப்பவர் தாமே தீர்மானிக்க வேண்டும்.

அவர் தமது கண்முன் உதிக்கும் சூரியனைப் பின்பற்ற வேண்டும் என்பதே என் முடிவு. கப்பலின் நாட்காட்டியையும் அல்ல, ஊர்க் கடிகாரத்தையும் அல்ல. திதி என்பது சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகும் கால அளவு. அது தொடங்கும் கணம் நல்லூருக்கும் நடுக்கடலுக்கும் ஒன்றே. அதை ஒரு நாளோடு பொருத்துவதுதான் இடத்துக்கு இடம் மாறும்: பல விரதங்களுக்கு அவ்விடத்துச் சூரிய உதயம் கணக்கு, சிவராத்திரிக்கு அவ்விடத்து நள்ளிரவு கணக்கு. மேற்கே போகும் கப்பலில் சில நாட்களுக்கொருமுறை கடிகாரத்தை ஒரு மணி பின்னே வைப்பார்கள். அந்த நாட்களுக்கு 25 மணி நேரம். இப்படிக் கூடிச் சேர்வதை ஈடுசெய்யவே ஒரு தேதியைத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளப்படுவது தேதி மட்டும். ஒரு சூரிய உதயமும் தவறுவதில்லை. கந்தசஷ்டியின் ஆறு நாட்களுக்கு நடுவே தேதிக்கோட்டைத் தாண்டுகிறவர், ரொறன்ரோ நாட்காட்டியில் குறித்துவைத்த தேதிகளைப் பார்த்தால் ஐந்து நாளில் காப்பை அவிழ்க்க நேரிடும். உதயங்களை எண்ணினால் ஆறும் குறைவின்றி இருக்கும். கிழக்கே வருகிறவருக்கு ஒரே தேதி இரண்டு முறை வரும். அவரும் உதயத்தையே எண்ணட்டும். ஒரு சூரிய உதயத்தையும் தொடாமல் கழிந்துபோகும் திதிகளை நம் பஞ்சாங்கம் எப்போதோ அறிந்து, அதற்கு விதியும் வகுத்திருக்கிறது. நாள் ஒன்று காணாமற்போவது நம் மரபைத் திகைக்க வைக்கிற புதினம் அல்ல.

கிழமை விரதங்கள்தான் உண்மையில் சிக்கலானவை. வெள்ளி, ஆவணி ஞாயிறு, பங்குனித் திங்கள் ஆகியவற்றுக்கு வானத்தில் அடையாளம் இல்லை. ஏழேழாக எண்ணிவரும் மனிதத் தொடர்ச்சிதான் உண்டு. இந்தச் சிக்கலை மற்றச் சமயத்தார் நமக்கு முன்பே சந்தித்திருக்கிறார்கள். 1941இல் லித்துவேனியாவிலிருந்து தப்பி ஜப்பானின் கோபே நகரில் தங்கியிருந்த யூத அகதிகள், தங்கள் மாபெரும் நோன்பான யோம் கிப்பூரை எந்த நாளில் பிடிப்பதென்று ஜெருசலேமைக் கேட்டார்கள். அங்கு கூடிய மதகுருமார் கோபே ஊரார் கணக்கின்படி புதன்கிழமை என்றனர். ஹசோன் இஷ் என்று போற்றப்பட்ட பேரறிஞரோ, தேதிக்கோட்டை வேறிடத்தில் வரைந்து, புதன் உண்டு வியாழன் நோன்பிருக்கச் சொன்னார். 2011இல் சமோவா நாடு தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியபோது டிசம்பர் 30 அங்கே வரவேயில்லை. அது ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டாடும் அங்குள்ள ஏழாம்நாள் அட்வென்டிஸ்டுகளில் பெரும்பாலோர், தாம் எண்ணிவந்த ஏழுநாள் தொடர்ச்சியை முறிக்க மனமில்லாமல், இப்போது அரசு ஞாயிறு என்று சொல்லும் நாளில் வழிபடுகிறார்கள். எண்ணிக்கையைக் காத்த அவர்களின் நேர்மையை நான் மதிக்கிறேன். கப்பலில் இருப்பவரும் கடலில் இருக்கும் வரை தம் ஏழு நாட்களை எண்ணலாம். ஆனால் சிட்னியில் இறங்கியபின் அங்குள்ள கோயிலின் வெள்ளியே அவருக்கும் வெள்ளி. அடியார் கூட்டத்தை விட்டுத் தனி வாரம் நடத்துவது சைவத்துக்குப் பொருந்தாது.

கைப்பேசி இருக்கும்போது நல்லூரில் மணி அடிக்கும் நேரத்தையே பின்பற்றினால் என்ன என்று கேட்பார்கள். இந்த ஆசையின் பின்னுள்ள ஏக்கம் எனக்கு விளங்குகிறது. என்றாலும் அது விதியைக் குலைக்கும். நல்லூரில் காலை ஆறு மணி என்பது ஹவாயில் முந்தின நாள் பிற்பகல் இரண்டரை மணி. உதயத்தில் தொடங்க வேண்டிய விரதத்தை உச்சி சாய்ந்தபின் தொடங்குவது எந்த ஆகமக் கணக்கு? ஊரிலேயே கூட எல்லாருக்கும் நாள் ஒன்றாக இருந்ததில்லை. கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கத்தைக் கைக்கொள்ளும் வீடும் திருக்கணிதத்தைக் கைக்கொள்ளும் வீடும் ஒரே ஒழுங்கையில் இருந்து, சில ஆண்டுகளில் ஒரே விரதத்தை அடுத்தடுத்த நாட்களில் பிடித்திருக்கின்றன. அதனால் எவருடைய விரதமும் பழுதானதாக யாரும் சொல்லவில்லை. கடல் கடப்பதே ஆசாரக் கேடு என்ற பழைய வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிடக் குறிகட்டுவானில் வள்ளம் ஏறுகிற சமூகம் நாம். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் 1938இல் அமெரிக்கக் கரை வரை போயிற்று.

கனமான ஆட்சேபம் வேறொன்று. தீ விபத்துக்கு அஞ்சிக் கப்பல் அறைகளில் மெழுகுதிரி, ஊதுபத்தி போன்றவற்றை அனுமதிப்பதில்லை. விளக்கில்லை, கற்பூரமில்லை, சன்னிதியில்லை, சூரன்போர் பார்க்கக் கூடும் சனமில்லை. இப்படித் தனியறையில் பட்டினி கிடப்பது விரதமாகுமா? இழப்பு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரியபுராணத்தில் பூசலார் வரலாற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். திருநின்றவூரில் பொருளில்லாத அந்த அடியார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி, தாமே ஒரு நாளைக் குடமுழுக்குக்குக் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தன் கற்கோயிலுக்கு நாள் வைத்திருந்தான். இறைவன் கனவில் வந்து மன்னனையே நாளை மாற்றச் சொன்னான். ஆலோசனை கேட்க ஆளில்லாமல், சான்றுக்கு ஒருவரும் இல்லாமல், தனியொருவர் குறித்த நாள் அரசன் குறித்த நாளுக்கு முன்னே வைக்கப்பட்டது. இந்தச் சரித்திரத்தை மெய்யென்று ஓதுகிற நாம், கடலில் தனித்திருந்து ஒரு மூதாட்டி எண்ணும் ஆறு உதயங்களைக் குறைவானவை என்று சொல்ல முடியாது. பூசலார் நினைத்த நேரத்தில் நினைத்ததைச் செய்தவர் அல்லர். நல்ல நாளும் வேளையும் பார்த்தே கோயிலெழுப்பினார். ஆளுக்காள் நாள் வைத்தால் ஒழுங்கு கெடும் என்று அஞ்சுகிறவர்களுக்கும் இதுவே பதில்.

ஆகவே கப்பலேறுமுன் விரதத் திதிகள் தொடங்கும், முடியும் நேரங்களைக் கிரீன்விச் நேரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மரக்கறிச் சாப்பாடு வேண்டுமென்பதையும் விரத நாட்களையும் முன்கூட்டியே கப்பலுக்கு அறிவித்துவிடுங்கள். ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பஞ்சாங்கம் அச்சிடும் கோயில்களிடமும் ஒரு வேண்டுகோள்: உங்கள் நகர நேரத்தோடு கிரீன்விச் நேரத்தையும் ஒரு நிரலாகச் சேர்த்துவிடுங்கள்.