யாருடைய பயிற்றங்காய்?



வீட்டுத் தோட்டத்தைப் பற்றி இந்நாட்டில் மிகுதியாகப் பேசப்பட்ட ஆண்டு 2022. உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்குள் ஏறக்குறைய இருமடங்காகியது. அரச ஊழியர்கள் தத்தம் வளவில் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கும் தீர்மானமும் அவ்வாண்டு யூன் மாதத்தில் எடுக்கப்பட்டது. நெருக்கடியில் தோட்டம் கைகொடுக்கும் என்பது உண்மையே. ஆனால் காசை மிச்சம் பிடிப்பதற்கென்றே போட்ட தோட்டம், சந்தையில் விலை இறங்கியவுடன் புல்லுக்குப் போய்விடும்.

பிள்ளைகளோடு சேர்ந்து போடும் தோட்டத்துக்கு வேறொரு பயன் உண்டு. அதை விளக்க ஒரு சிறு சம்பவத்தைக் கற்பனை செய்து பாருங்கள்.

ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தகப்பன் கிணற்றடியில் ஒரு பாத்தியை ஒதுக்கிக் கொடுக்கிறார். ஐப்பசி மழையோடு பயிற்றை விதைக்கிறான். நாலைந்து நாளில் முளை தெரிகிறது. கொடி ஏறத் தடி ஊன்றுகிறான். மழை ஓய்ந்த நாள்களில் பள்ளிக்கூடம் போகுமுன் தண்ணீர் ஊற்றுகிறான். ஏறக்குறைய ஐம்பது நாளில் காய்கள் தொங்குகின்றன. மத்தியானக் கறிக்குக் காய் ஆயத் தாய் சுளகோடு வருகிறாள். சிறுவன் குறுக்கே நிற்கிறான்: “இது என்ரை. நான் வளர்த்தது. ஒருத்தரும் ஆயக் கூடாது.”

தாய் என்ன செய்ய வேண்டும்? “வீட்டுக்குள்ள என்ன உன்ரை, என்ரை? தள்ளு மோனை” என்று ஆய்ந்துகொண்டு போகலாம். அல்லது, “சரி, நீயே வைச்சிரு” என்று திரும்பிப் போகலாம். இரண்டும் இலகுவான வழிகள். ஆனால் உழைப்பு, உடைமை, பகிர்வு ஆகிய மூன்றையும் பற்றி அறிஞர்கள் நெடுங்காலமாக விவாதித்துவரும் கேள்வி அந்தப் பாத்தி ஓரத்தில் எழுந்து நிற்கிறது. அதற்கு இலகுவான விடை போதாது.

பிள்ளையின் நியாயம்

முதலில் ஒன்றை ஏற்றுக்கொள்வோம். பிள்ளை சொல்வதில் நியாயம் உண்டு. ஒருவன் தன் உழைப்பை ஒரு பொருளோடு கலக்கும்போது அது அவனுடையதாகிறது என்று 1689இல் வெளிவந்த தமது நூலில் ஆங்கிலேய தத்துவஞானி ஜோன் லொக் வாதிட்டார். பாப்பரசர் 13ஆம் சிங்கராயரும் 1891இல் எழுதிய ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலில், நிலத்தைப் பண்படுத்துபவன் அந்த நிலத்திலே தன் ஆளுமையின் முத்திரையைப் பதிக்கிறான் என்ற கருத்தை வலியுறுத்தினார். ஏழு வயதுப் பிள்ளை இவர்களைப் படித்ததில்லை. எனினும் ஐம்பது நாள் தண்ணீர் ஊற்றியவனுக்கு அந்த உண்மை கையிலே தெரியும்.

இன்னொன்றும் உண்டு. தம் ஆசிரியராகிய பிளேட்டோ வகுத்த பொதுவுடைமையை அரிஸ்ரோட்டில் மறுத்தபோது காட்டிய காரணங்களுள் ஒன்று இது: தனக்கென்று எதுவும் இல்லாதவன் தாராள குணத்தைப் பழக முடியாது, கொடுப்பதற்குக் கையில் ஏதேனும் இருக்கவேண்டும். ஆகவே பிள்ளையின் பாத்தியிலிருந்து கேளாமல் பறித்துவிட்டு, “பகிர்ந்து உண்ணப் பழகு” என்று சொல்லும் தாய் பகிர்வைப் படிப்பிக்கவில்லை. பெரியவர்கள் சிறியவர்களிடமிருந்து எடுக்கலாம், எடுத்ததற்குப் பகிர்வு என்று பெயரும் வைக்கலாம் என்பதையே அவள் படிப்பிக்கிறாள். இந்தப் பாடத்தைக் கற்ற பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகும்போது நடப்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

அவன் மட்டுமா வளர்த்தான்?

ஆனால் “நான் வளர்த்தது” என்பது பாதி உண்மையே. மற்றப் பாதியைத் தோட்டமே சொல்லிக் கொடுக்கும். நாம் பிரசங்கம் பண்ணத் தேவையில்லை.

பயிற்றை பூக்கும் காலத்தில் ஒரு கொடியைப் பக்குவமாகக் கிண்டி எடுத்து அதன் வேரைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். சிறு மணிகள் போன்ற முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத பக்ரீரியாக்கள் அங்கே குடியிருந்து, காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு ஏற்ற உணவாக்குகின்றன. அவற்றுக்குச் சிறுவன் கூலி கொடுக்கவில்லை.

பக்கத்திலே ஒரு பூசணிக் கொடி இருந்தால் இன்னும் நல்லது. அதில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் உருண்டையான சிறு பிஞ்சு இருக்கும். பூ காலையில் விரிந்து மத்தியானத்துக்கு முன்னரே வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துள் தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்க்காவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி விழும். எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

ஊற்றும் தண்ணீரையும் எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, கீழேயுள்ள உவர் நீருக்கு மேல் நன்னீராகத் தங்குகிறது. அதையே எமது கிணறுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறும். அது எவருடைய வேலியையும் பார்த்து ஏறுவதில்லை. விதைகூட எமதன்று. மிளகாயும் தக்காளியும் பூசணியும் அமெரிக்கக் கண்டத்து மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாகத் தெரிந்தெடுத்து வளர்த்த பயிர்கள். முன்பின் தெரியாத அந்தக் கைகளின் உழைப்பும் எமது சட்டிக்குள் வேகிறது.

நட்டவனும் நீர் பாய்ச்சியவனும் பெரியவர்கள் அல்லர், விளையச் செய்தவர் இறைவனே என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியதன் பொருளைப் பிள்ளை இங்கே கண்ணால் காண்கிறான். “நான் வளர்த்தேன்” என்றவன் மெல்ல மெல்ல “நானும் வளர்த்தேன்” என்று சொல்லப் பழகுகிறான். இந்த ஓர் ‘உம்’ வருவதற்குச் சிலருக்கு ஆயுள் முழுவதும் போதாது.

இன்னொரு கசப்பான பாடமும் உண்டு. தமையனும் தங்கையும் ஒரே நாளில் விதைத்து, ஒரே அளவு பாடுபட்டிருப்பார்கள். தமையனுடைய பாத்தி செழிக்கும். தங்கையுடையதில் மழைநீர் தேங்கி விதை அழுகியிருக்கும், அல்லது கறுத்த அசுகுணி மொய்த்துக் குருத்தெல்லாம் சுருண்டிருக்கும். பிள்ளை அழுவாளே என்று இரவோடிரவாக வேறு கன்றை நட்டு வைக்காதீர்கள். உழைத்தும் கிடைக்காமல் போவது உண்டு என்பதை இந்தச் சிறிய நட்டத்திலே அவர்கள் அறியட்டும். அதை அறிந்தவன், பிற்காலத்தில் ஓர் ஏழையைக் கண்டு, “சோம்பேறி, அதனால்தான் இல்லை” என்று எளிதில் தீர்ப்பிடமாட்டான்.

அடுப்படியில் முடியும் வழக்கு

தோட்டத்தில் தொடங்கிய வழக்கு அடுப்படியிலேயே தீர்கிறது. ஆகவே காய் ஆய்வதோடு பிள்ளையை விளையாட அனுப்பிவிடாதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளை பயிற்றங்காயைக் கழுவிக் கையால் முறித்துப் போடலாம், முருங்கையிலை உருவலாம். பத்து வயதானால், பெரியவர் பக்கத்தில் இருக்கக் கத்தி பிடிக்கலாம். அதற்கு மேல் அடுப்பைப் பார்த்துக்கொள்ளலாம். பெண் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஆண் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்கிறேன்.

ஒரு நாள் கூழ் காய்ச்சுங்கள். கடலிலிருந்து மீனும் நண்டும் இறாலும், பனையிலிருந்து ஒடியல் மாவும், வளவிலிருந்து பலாக்கொட்டையும் மரவள்ளியும் முருங்கையிலையும், அவற்றோடு சிறுவனின் ஒரு பிடி பயிற்றங்காயும் ஒரே பானைக்குள் போகின்றன. பனையோலைப் பிளாவில் வார்த்துக் குடிக்கும்போது எவருடைய காய் எவருக்குப் போயிற்று என்று பிரிக்க முடியாது. ஆயினும் தன் காயும் அதற்குள் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். தன்னுடையதை இழந்த துக்கம் அவன் முகத்தில் இராது. கொடுத்தவனின் பெருமையே இருக்கும். பொருளைப் பேணவும் பங்கிடவும் மனிதனுக்குத் தனியுரிமை உண்டு, பயன்படுத்தும்போதோ அதைப் பொதுவானதாகக் கருதி, தேவைப்படுபவனோடு பகிர ஆயத்தமாய் இருக்கவேண்டும் என்பது புனித தோமஸ் அக்குவினாசின் போதனை. மேலே சொன்ன சுற்றுமடலும் இதை எடுத்துக் கூறுகிறது. பாத்தி அவனுடையது, பானை எல்லோருடையது என்று நாம் சுருக்கிக் கொள்ளலாம்.

அப்படியானால் சுளகோடு நிற்கும் தாய் என்ன செய்வாள்? கேட்பாள். “உன்ரை காயிலை கொஞ்சம் கறிக்குத் தாறியா, மோனை?” என்று, அயல் வீட்டுக்காரரிடம் கேட்பதுபோல் கேட்பாள். உண்மையான கேள்வி என்றால் “இல்லை” என்ற விடைக்கும் இடமிருக்க வேண்டும். மறுத்தால் அன்றைக்கு வேறு கறி வைக்கட்டும். சில நாளில் காய் முற்றி நார்பற்றும். விதைக்கென்று சிலவற்றை முற்ற விடுவது புத்தி. எல்லாவற்றையும் தனக்கென்று பிடித்து வைத்தால் ஒன்றும் வாய்க்கு உதவாது. பாலைவனத்தில் மன்னாவை மறுநாளுக்கென்று பதுக்கியவர்கள் கண்டதும் இதுவே. அடுத்த முறை அவனே சுளகைத் தேடி வருவான்.

வரும்போது ஒரு பிடி காயைத் தனியே எடுத்துவைத்து, தோட்டம் செய்ய வலுவில்லாத அயலவர் ஒருவரிடம் அவனையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கூடப் போகவேண்டாம். கொடுப்பது அவனுடைய கையாகவே இருக்கட்டும்.