இறுக்கிக் கொடுக்கும் கை

‘லேசா மிதிச்சாலே நிக்கணும்’ என்றுதான் பிக்கப் ஓட்டுகிறவர்கள் மெக்கானிக்கிடம் கேட்கிறார்கள். அவரும் பின் டிரம்முக்குள் லைனரை இறுக்கிவிடுகிறார். மிதி மேலேயே பிடிக்கும், மனசுக்கு நிம்மதி. ஆனால் காலை எடுத்த பிறகும் லைனர் டிரம்மை உரசிக்கொண்டே ஓடும். உரசினால் சூடு, சூடு ஏறினால் பிடி தளரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு இறங்கும்போது அது தெரியவரும்.

தளர்த்துவதுதான் கஷ்டம். தானாக இறுகும் அமைப்பு இருந்தால், பின் தகட்டின் ரப்பர் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்ன நெம்புகோலை மெல்லிய திருப்புளியால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் பல்சக்கரத்தைப் பின்னோக்கித் தட்ட வேண்டும். இறுகும் பக்கம் மட்டும் திரும்ப விடுவதுதான் அந்த நெம்புகோலின் வேலை. (வீட்டுப் பெரியவங்க ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை.)

எனக்கு உறுத்துவது வேறு. கொடுக்க வேண்டியது பாதுகாப்பா, பாதுகாப்பு உணர்வா? இறுக்கினவருக்கு நல்ல பெயர். தளர்த்தினவரை ‘கெடுத்துட்டான்’ என்பார்கள். அந்தத் திட்டையும் கூலியோடு சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பேன். கேட்டதைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது நேர்மை வேஷம் போட்ட கோழைத்தனம். சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றி, ‘லேசா உரசுற சத்தம் கேக்குதா, இவ்வளவு போதும்ணே’ என்று காட்டலாம். அப்பவும் இறுக்கித்தான் தரணும் என்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் பக்கத்துப் பட்டறையில் இறுக்கித் தருவார்கள். அந்த இடத்தில்தான் எனக்குப் பதில் தடுமாறுகிறது.