நியாயமான கூலியும் ஜெர்மனியின் அனுபவமும்

இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கூலி எதுவானாலும் அது நியாயமானதுதானா? 1891-இல் போப் பதின்மூன்றாம் லியோ தம் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் இல்லை என்றார். வேறு வழியின்றி ஒருவர் அற்பக் கூலிக்கு இசைந்தால், அந்த இசைவு அநீதியை நீதியாக்கிவிடாது. சிக்கனமாக வாழும் தொழிலாளி பிழைப்பதற்கேனும் கூலி போதவேண்டும். ஜெர்மனியில் மைன்ஸ் நகர ஆயர் கெட்டலர் 1864-இலேயே தொழிலாளர் பிரச்சினையைக் கிறிஸ்தவ நோக்கில் ஆராய்ந்து நூல் எழுதியிருந்தார்.

நியாயமான கூலி என்ற இந்தக் கருத்துக்கு எதிராக வலுவாகச் சொல்லப்பட்ட வாதம் அறத்தை மறுக்கவில்லை. விளைவைக் காட்டி அஞ்சவைத்தது. சட்டம் போட்டுக் கூலியை உயர்த்தினால் ஏழைக்கு இருக்கும் வேலையும் போய்விடும் என்றது. அப்படி ஆகிறதா என்பதைச் சோதித்துப் பார்க்கலாம். 2015 ஜனவரி 1 அன்று ஜெர்மனி மணிக்கு 8.50 யூரோ என்று நாடு முழுவதற்கும் குறைந்தபட்சக் கூலியை விதித்தது. ஏறத்தாழ 40 லட்சம் பேரின் கூலி உயர்ந்தது. பல லட்சம் வேலைகள் பறிபோகும் என்று பொருளியலாளர்கள் சிலர் எச்சரித்திருந்தனர். கிறிஸ்டியன் டுஸ்ட்மானும் உடன் ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது: குறைந்த கூலிக்காரர்களின் ஊதியம் உயர்ந்தது, வேலைவாய்ப்பு குறையவில்லை, பலர் சிறிய, திறன் குன்றிய நிறுவனங்களிலிருந்து பெரிய, நல்ல ஊதியம் தரும் நிறுவனங்களுக்கு நகர்ந்தார்கள். ‘மினி ஜாப்’ எனப்படும் சிறு வேலைகள் குறைந்தது உண்மை. அவற்றில் ஒரு பகுதி முழு உரிமையுள்ள வேலைகளாக மாறியது.

இதனால் லியோவின் கருத்து நிரூபணமாகிவிட்டது என்று கொள்ள முடியாது. எவ்வளவு கூலி நியாயம் என்பதற்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் விடை இல்லை. 2022 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலியை 12 யூரோவாக உயர்த்தியது, வழக்கமாகப் பரிந்துரை செய்யும் ஆணையம் அல்ல, நாடாளுமன்றமே. அது மதிப்பீடு சார்ந்த முடிவு. டுஸ்ட்மான் குழுவின் ஆய்வு செய்தது வேறொன்று: அநீதியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லப்பட்ட காரணத்தின் பலத்தைக் குறைத்தது. அறவிவாதத்தில் இது சிறிய பணியல்ல.

தொழிற்பயிற்சியில் கேள்வி இன்னும் நுட்பமானது. எங்கும் பயன்படும் திறனைக் கற்றவர் வேறிடம் போய்விடலாம். ஆகவே அந்தப் பயிற்சிக்கு முதலாளி செலவு செய்யமாட்டார் என்று பொருளியலாளர் கேரி பெக்கர் 1964-இல் வாதிட்டார். ஆனால் ஜெர்மனியில் நிறுவனங்கள் செலவு செய்கின்றன. பொருளியலாளர்கள் அசெமோக்லுவும் பிஷ்கேயும் 1998-இல் தந்த விளக்கம் சிந்திக்கவைப்பது: பயிற்சி பெற்றவரின் உண்மைத் திறன் அவரை வளர்த்த நிறுவனத்துக்குத்தான் தெரியும், வெளியார் அறியாததால், அவர் உழைப்பின் மதிப்பைவிடக் குறைத்துக் கொடுத்தே அவரை அங்கு வைத்திருக்க முடிகிறது. அப்படியானால் பயிற்சியை முதலாளியின் தயவாக மட்டும் பார்ப்பது தவறு. அதன் செலவில் ஒரு பங்கைத் தொழிலாளி பின்னாளில் தன் கூலியில் கழித்துக் கொடுக்கிறார்.

தொழிற்பயிற்சி பெறுவோர் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. அவர்களுக்கெனத் தனிக் குறைந்தபட்ச ஊதியம் 2020-இல்தான் வந்தது: முதலாண்டில் மாதத்துக்கு 515 யூரோ. தொழிற்பயிற்சி முடிக்காத, 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவான குறைந்தபட்சக் கூலி இன்றும் பொருந்தாது.